சீனாவின் சங்கேதப் பணியாளர் கல்லூரி: 1947ஆ, 1992ஆ?

குறிஞ்சிவேந்தன்:
போன வாரம் வேறொரு இழையில் தாமரைக்கண்ணன் போகிற போக்கில் இப்படி எழுதிவிட்டுப் போனார்: "பெய்ஜிங் மின்னணு அறிவியல் தொழில்நுட்பக் கல்லூரி 1992இல் தொடங்கியது. 1947 என்பது பழம்பெருமைக்காகப் பின்னால் ஒட்டிக்கொண்டது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கட்சி, அரசு அலுவலகங்களில் ரகசியத் தந்தியும் சங்கேதக் குறியீடும் கையாள்கிறவர்களை உருவாக்குவதற்கென்றே இருக்கிற கல்லூரி அது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சி மத்தியக் குழுவின் பொது அலுவலகத்துக்குக் கீழே வருகிறது. அந்தக் கல்லூரி தன் வரலாற்றை 1947இல், உள்நாட்டுப் போருக்கு நடுவில் ஹெபெய் மாகாணத்து சிபைபோ கிராமத்தில் நடந்த பயிற்சி வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. 1992 இப்போதைய பெயர் வந்த ஆண்டு, அவ்வளவுதான். பெயர் மாறினால் பிறந்த வருஷமும் மாறிவிடுமா?

தாமரைக்கண்ணன்:
மக்கள் சீனக் குடியரசு பிறந்தது 1949 அக்டோபர் 1. நீங்கள் சொல்லும் 1947இல் அந்த அரசே கிடையாது. இல்லாத அரசுக்கு எங்கிருந்து ஐயா கல்லூரி வந்தது? 1992.

குறிஞ்சிவேந்தன்:
அரசு இல்லை, கட்சி இருந்தது. இந்தக் கல்லூரி இன்றைக்கும் கட்சியின் கையில்தானே இருக்கிறது? 1947 மார்ச்சில் கோமின்டாங் அரசின் தளபதி ஹூ சோங்னானின் படை, கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையிடமான யெனானைப் பிடித்தது. தலைமை இரண்டாகப் பிரிந்தது. மாவோவும் சோ என்லாயும் ரென் பிஷியும் ஷான்சி மலைகளிலேயே இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். லியூ ஷாவோச்சியும் ஜூ தேயும் ஹெபெய் பக்கம் போனார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவே வானொலித் தந்தியை விட்டால் வேறு வழியில்லை. சங்கேதம் தெரிந்த ஆள் அந்த வருஷம் தேவைப்படாமல் 1992இலா தேவைப்பட்டார்?

அலைவரிசை:
இரண்டு பேரும் தப்பு. 1931 என்று எழுதுங்கள். 1930 டிசம்பர் கடைசியில் கோமின்டாங் படையோடு நடந்த லோங்காங் சண்டையில் கட்சியின் செம்படைக்குக் கிடைத்தது பாதி வானொலிக் கருவி. செய்தியைக் கேட்கலாம், அனுப்ப முடியாது. அங்கே பிடிபட்ட எதிரிப் படையின் வானொலிக் கருவி இயக்குபவர் வாங் செங் இந்தப் பக்கம் வந்து 1931 தொடக்கத்திலேயே வகுப்பெடுத்தார். எல்லாவற்றுக்கும் மூலம் அதுதான்.

குறிஞ்சிவேந்தன்:
அலைவரிசை, அது சியான் நகரத்து சிதியான் பல்கலைக்கழகத்தின் வேர். 1958இல் சியானுக்குப் போனது. தந்தி தட்டுகிறவர் வேறு, சங்கேதம் பார்க்கிறவர் வேறு. சீனத் தந்தியில் ஒவ்வொரு எழுத்துக்கும் நான்கு இலக்க எண் உண்டு. 'சீனா' என்ற பெயருக்கு 0022, 0948. அதை அப்படியே அனுப்பினால் எதிரிக்கும் புரியும். அதனால் ரகசியப் புத்தகத்திலிருந்து இன்னொரு எண்ணை எடுத்து, மீதியை அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோகாமல் கூட்டலாம். 0022உடன் 7395ஐக் கூட்டினால் 7317. தட்டுகிறவர் கண்ணில் படுவது 7317 மட்டும்தான். அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவரை உருவாக்கும் இடத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். அது 1947.

தாமரைக்கண்ணன்:
கூட்டல் கணக்குப் பாடம் நன்றாக இருக்கிறது. கேள்விக்குப் பதில்? சிபைபோவில் 1947இல் வகுப்பு நடந்ததாகச் சொல்கிறீர்கள். மாவோ சிபைபோவுக்கு வந்ததே 1948 மே மாதம். தலைமையே வராத ஊரில் தலைமைக்குப் பயிற்சி வகுப்பா?

குறிஞ்சிவேந்தன்:
மாவோ வந்தால்தான் ஊரா? 1947 ஜூலை முதல் செப்டம்பர் வரை தேசிய நில மாநாடு நடந்ததே அந்த சிபைபோவில்தான். நடத்தியவர் லியூ ஷாவோச்சி. இதைக்கூடப் பார்க்காமல் விவாதத்துக்கு வருகிறீர்கள். சங்கேதச் சட்டம் 2020இல் நிறைவேறியது என்று அடித்துச் சொன்னவரும் நீங்கள்தான். நிறைவேறியது 2019 அக்டோபர் 26, நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1. அன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

தாமரைக்கண்ணன்:
இரண்டு மாதம் கழித்து அமலான சட்டத்தை வைத்து இன்னும் எத்தனை நாள் பிழைப்பு நடத்துவீர்கள்? 1992.

சுபத்ரா:
இருவரும் ஆண்டுக்காக அடித்துக்கொள்வதில் ஆட்கள் காணாமல் போகிறார்கள். 1931 ஏப்ரலில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரகசியப் பிரிவை நடத்திய கூ ஷுன்சாங் வூஹானில் பிடிபட்டு மறுபக்கம் சாய்ந்தபோது, கோமின்டாங் தலைநகர் நான்கிங்குக்கு வந்த ரகசியத் தந்திகளைப் பிரித்துப் படித்து ஷாங்காயில் இருந்த கட்சித் தலைமைக்கு எச்சரிக்கை அனுப்பியவர் சியான் சுவாங்ஃபெய். கோமின்டாங் உளவுத் தலைவரின் ரகசியச் செயலாளராகவே இருந்த கம்யூனிஸ்ட். சங்கேதப் பணியாளரைத் தேர்ந்தெடுப்பதில் கட்சி ஏன் இவ்வளவு கறார் என்பது அங்கேதான் தெரியும். இந்தக் கல்லூரியில் சேர இன்றும் அரசியல் பின்னணிச் சோதனை உண்டு. அதைப் பேசலாமே.

அலைவரிசை:
பார்த்தீர்களா, சுபத்ராவும் 1931தான் சொல்கிறார்.

சுபத்ரா:
நான் கல்லூரி தொடங்கிய ஆண்டைச் சொல்லவில்லை. என் பெயரை உங்கள் கட்சியில் சேர்க்க வேண்டாம்.

குறிஞ்சிவேந்தன்:
சுபத்ரா சொல்வது என் பக்கத்துக்குத்தான் பலம். இவ்வளவு நம்பிக்கை தேவைப்படும் வேலைக்குப் போர் நடுவிலேயே தனி வகுப்பு வைத்தார்கள். அந்தத் தொடர்ச்சி அறவே இல்லை என்பது அங்கே படித்துக் காலமெல்லாம் வாய் திறக்காமல் வேலை பார்த்தவர்களை அவமதிப்பது. 1947 என்று இன்னும் நூறு தடவை எழுதுவேன்.

தாமரைக்கண்ணன்:
எழுதுங்கள். 1992இல் வந்த பெயர்ப் பலகையை 1947 சுவரில் மாட்ட முடியாது.

குறிஞ்சிவேந்தன்:
பலகைக்குப் பின்னால் இருக்கிற சுவரைத்தான் நான் காட்டுகிறேன். 1947.

அலைவரிசை:
என் 1931க்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.