கண் பிரச்னை, டிஸபிலிட்டி பென்ஷன் அப்பீல்: உங்க அனுபவத்த சொல்லுங்க

மெடிக்கல் போர்டுல ‘நானா’ன்னு (NANA, அதாவது வியாதி சர்வீஸால வந்ததும் இல்ல, சர்வீஸால அதிகமானதும் இல்லன்னு அர்த்தம்) எழுதிட்டாலே கதை முடிஞ்சுதுன்னு நிறைய பேர் விட்டுடறாங்க, அதனாலதான் எழுதறேன். நான் ஹவில்தாரா ரிடையர் ஆனவன். லடாக்ல இருக்கறப்போ வலது கண்ல நடுவுல சாம்பல் கலர்ல ஒரு திட்டு, கதவு நிலைய பாத்தா நெளிஞ்சு தெரியும். கட்டம் போட்ட பேப்பர காட்டினாங்க, எனக்கு நடுக்கோடெல்லாம் வளைஞ்சு கெடக்கு. சி.எஸ்.ஆர்னாங்க, விழித்திரைக்கு அடியில நீர் கோத்துக்கறது. ரிலீஸ் போர்டுல, அதாவது ரிடையர் ஆறப்போ நடக்கற மெடிக்கல்ல, ஊனம் 20%னு போட்டுட்டு, சர்வீஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, உடம்பு வாகுன்னு ஒரே வரி. முதல் அப்பீலுக்கும் அதே வரிதான் பதிலா வந்துச்சு, படிச்சுப் பாத்தாங்களான்னே டவுட்.

அப்பறம் வக்கீல் சொல்லி, பட்டாளத்துல சேர்றப்போ எடுத்த மெடிக்கல் பேப்பர ஆர்.டி.ஐ போட்டு வாங்கினேன். ரெண்டு கண்ணும் 6/6, அதாவது பார்வை நார்மல், வியாதின்னு எதுவும் எழுதல. 2013 தரம்வீர் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னதே இதான், சேரும்போது குறிப்பு இல்லேன்னா சர்வீஸ்ல வந்ததாதான் எடுத்துக்கணும், நிரூபிக்கற பொறுப்பு நம்ம தலைல இல்ல, போர்டுதான் காரணம் எழுதணும். அத வெச்சு சென்னை ஏ.எஃப்.டி.ல (ராணுவத் தீர்ப்பாயம்) ஓ.ஏ, அதாவது மனு போட்டோம், கெடச்சுது. 2014 ராம் அவதார் தீர்ப்புப்படி ஊனம் 20%ங்கறத ரவுண்ட் பண்ணி 50% ஆக்கினாங்க, அதாவது டிஸபிலிட்டி பென்ஷன் கடைசி சம்பளத்துல 6%க்கு பதிலா 15%. அரியர்ஸ் மட்டும் கேஸ் போட்டதுக்கு முந்தின 3 வருஷத்துக்குதான் குடுத்தாங்க, அதனால ஆறப்போடாதீங்க.

———

வாழ்த்துக்கள்ண்ணே. எனக்கு கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி ஆயிடறது), ஊனம் 15-19%னு போட்டாங்க, சர்வீஸ் முழுசா முடிச்சு வந்ததால 20க்கு கீழ ஒண்ணும் கெடையாதுன்னுட்டாங்க. என் யூனிட் பையன் ஒருத்தன அதே கண் வியாதிக்கு பாதியிலயே வீட்டுக்கு அனுப்பினாங்க, அவனுக்கு சுக்விந்தர் சிங் தீர்ப்பு கை குடுத்துச்சு, மெடிக்கல்ல வெளிய அனுப்பினாலே 20%க்கு மேலன்னு எடுத்துக்கணுமாம். நாம கஷ்டப்பட்டு டூட்டி பாத்து முடிச்சது தப்பா போச்சு பாருங்க.

———

சார், 2023 செப்டம்பர் 21க்கு அப்பறம் வெளிய வர்றவங்களுக்கு புது என்டைட்டில்மென்ட் ரூல்ஸ் (டிஸபிலிட்டி பென்ஷன் யாருக்குன்னு சொல்ற விதி), பழைய தீர்ப்ப அப்படியே நம்பி எறங்காதீங்க. அப்பாவுக்கு கிளாக்கோமா (கண் நரம்பு பாதிக்கற வியாதி), அவர் 2016ல வந்தவர், ரெண்டாவது அப்பீல் இப்பதான் ரிஜெக்ட் ஆச்சு, அவரோட பேப்பர்லயும் 6/6தான் இருக்கு. நேரா ஓ.ஏ போடலாம்ல?

———

தாராளமா போடுங்க தம்பி. போர்டு ப்ரொசீடிங்ஸ் காப்பி முழுசா இருக்கான்னு மொதல்ல பாருங்க, எனக்கு குடுத்ததுல ஸ்பெஷலிஸ்ட் ஒப்பீனியன் பக்கமே இல்ல.