கார்லா ஃபே டக்கர் திருடிய பைபிள்

நாசரேத்துக்காரன்:
"ஜெயிலுக்குப் போறவனெல்லாம் கையில் பைபிளோடு வர்றான்" என்று வேறொரு இழையில் ஒருவர் கிண்டலடித்திருந்தார். அங்கே பதில் சொன்னால் சண்டையாகிவிடும், அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

டெக்சாஸ்காரி கார்லா ஃபே டக்கர். சிறு வயதிலேயே போதை. 1983 ஜூனில் ஹூஸ்டனில், நாள்கணக்கில் தெளியாத நிலையில், காதலனோடு ஒரு வீட்டுக்குள் புகுந்து இரண்டு பேரைப் பிக்காசால் கொன்றார். அதே ஆண்டு, விசாரணைக்குக் காத்திருந்தபோது, சிறைக்கு ஓர் ஊழியக் குழு வந்தது. பைபிளைச் சும்மாவே கொடுப்பார்கள் என்பதுகூடத் தெரியாமல் ஒன்றைத் திருடிச் செல்லில் ஒளித்து வாசித்தார். என்ன வாசிக்கிறோம் என்றே புரியவில்லை, ஆனால் சற்று நேரத்தில் தரையில் முழங்காலில் இருந்தேன் என்று பின்னாளில் சொன்னார். பதினான்கு வருடம் அந்த விசுவாசம் மாறவில்லை. உயிரோடு விடும்படி போப் இரண்டாம் ஜான் பால் கேட்டும் 1998 பிப்ரவரி 3 அன்று விஷ ஊசி போட்டார்கள்.

பிக்காசு பிடித்தவளைத்தானே தண்டிக்க வேண்டும்? அந்தக் கட்டிலில் கட்டிப்போட்டது வேறொருத்தியை அல்லவா?

ஈரோட்டுச்சட்டை:
அண்ணே, போதையை நிறுத்தியது பைபிளா, பூட்டா? சின்ன வயதிலிருந்து தெளியாத மூளை முதல் தடவை தெளிகிறது. அந்த நேரத்தில் எது கைக்குக் கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸும் போதை, திருட்டு என்றிருந்து 1946இல் உள்ளே போனவர்தான். சிறையில்தான் நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற கறுப்பின முஸ்லிம் இயக்கத்தில் சேர்ந்தார். அவர் மாறியதை எந்தச் சாமி கணக்கில் எழுதுவீர்கள்?

இன்னொன்று. 1997இல் மட்டும் டெக்சாஸ் 37 பேரைக் கொன்றது. அதில் எத்தனை பேர் ஜெபித்தார்கள் என்று யாராவது விசாரித்தார்களா? மரண தண்டனையை ஆதரித்துவந்த டிவி பிரசங்கியார் பாட் ராபர்ட்சன் இவருக்கு மட்டும் கருணை கேட்டார். வெள்ளைக்காரப் பெண், டிவியில் வசனம் சொல்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

நாசரேத்துக்காரன்:
மால்கம் எக்ஸ் அடி சரியாகவே விழுந்தது, மறுக்கவில்லை. ஆனால் பூட்டுதான் மருந்து என்றால் பூட்டிவைத்த எல்லோரும் திருந்தியிருக்க வேண்டுமே. அதிபர் நிக்சனிடம் வேலை பார்த்து, வாட்டர்கேட் ஊழலில் சிறை போய் வந்த சார்லஸ் கோல்சன் 1976இல் தொடங்கிய சிறை ஊழிய அமைப்பான பிரிசன் ஃபெலோஷிப், 1997இல் டெக்சாஸ் சிறையொன்றில் கிறிஸ்தவத் திட்டம் நடத்தியது. 2003இல் வந்த ஆய்வைப் பாருங்கள். திட்டத்தை முடித்தவர்களில் மறுபடி சிறை போனவர்கள் 8 சதவீதம், ஒப்பிட்ட மற்ற கைதிகளில் 20.

புள்ளிக்கணக்கு:
மன்னிக்கணும், இந்த 8 சதவீதத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். திட்டத்தில் சேர்ந்தது 177 பேர், முடித்தது 75 பேர். அதிலும் "முடித்தவர்" பட்டியலில் வர வேண்டுமென்றால் விடுதலையான பிறகு ஒரு வேலையில் நிலைத்திருக்க வேண்டும். வேலையில் நிலைத்தவன் பொதுவாகவே மறுபடி உள்ளே போவது குறைவு. பாதியில் விட்டவர்களையும் சேர்த்து 177 பேரையும் எண்ணுங்கள், 24 சதவீதம். ஒப்பிட்ட கூட்டத்தைவிடக் கூடுதல். பெயிலானவனைப் பாதியிலேயே அனுப்பிவிட்டு "எங்கள் டியூஷனில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று போஸ்டர் ஒட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தெற்குத்தெரு:
நான் தினமும் வேதம் வாசிக்கிறவள். ஆனாலும் நாசரேத்து அண்ணன் கட்சி இல்லை. லூக்கா 23ஐ எடுத்துப் பாருங்கள். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று, பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு இயேசுவிடம் வாக்குக் கிடைத்தது. சிலுவையிலிருந்து யாரும் அவனை இறக்கவில்லை. "நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்" என்று சொன்னதும் அவன்தான். இரட்சிப்பை ஜாமீன் மனு மாதிரி நீட்டுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

நாசரேத்துக்காரன்:
தங்கச்சி, இறக்காதது ரோம அரசு, இயேசு இல்லை. அப்புறம், கொல்லப்பட்ட பெண்ணின் உடன்பிறந்தவரே கார்லாவை மன்னித்து, தண்டனை நிறைவேறிய நேரத்தில் கார்லா தரப்புச் சாட்சியாக நின்று பார்த்தாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஈரோட்டுச்சட்டை:
அதே பெண்ணின் கணவர் தண்டனை வேண்டும் என்று எதிர்ப்பக்கம் நின்றாரே, அவரை ஏன் விட்டுவிட்டீர்கள்? மன்னிக்காதவர் மட்டமா?

தெளிவாகவே சொல்கிறேன். நான் மரண தண்டனைக்கு எதிரி. அந்த ஊசி போட்டிருக்கவே கூடாது. ஆனால் "அவள் மாறிவிட்டாள், விடுங்கள்" என்று நீங்கள் சொன்ன நிமிடமே, மாறாதவனைக் கொல்லலாம் என்று ஒப்புக்கொண்டீர்கள். மண்டியிட மறுத்துக் கடைசிவரை முறைத்துக்கொண்டே போகிறவனுக்கு யார் பேசுவது?

நாசரேத்துக்காரன்:
இதற்கு இப்போது என்னிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

நாள்காட்டி:
இழையை முழுசாகப் படித்தேன். நான் குடியை விட்டு 11 வருடம். உள்ளேயும் கொஞ்ச நாள் இருந்திருக்கிறேன், அடிதடி வழக்கு. விட்டது சபையாலா, பயத்தாலா, ஈரல் போய்விடும் என்று டாக்டர் சொன்னதாலா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

சபையில் அடிக்கடி சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். முதல் தடவை தினம் ஒரு குவார்ட்டர் குடித்தேன் என்றேன், அது உண்மை. மூன்றாம் தடவை அது ஹாஃப் ஆகியிருந்தது. அடுத்த வருடக் கன்வென்ஷன் மேடையில் ஃபுல். ஜனம் "அல்லேலூயா" சொல்லச் சொல்ல பாட்டில் வளர்கிறது, என்ன செய்ய. வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எல்லாம் சொன்னீங்க, பாப்பா தோட்டை அடகு வச்சதை ஏன் சொல்லல?" அன்றோடு மேடை ஏறுவதை நிறுத்திவிட்டேன்.

அதனால் யாராவது சாட்சி சொன்னால் கூட்டிச் சொல்கிறாரா, விட்டுச் சொல்கிறாரா என்றுதான் கவனிப்பேன். கார்லா தன் கடைசி வார்த்தையில், கொல்லப்பட்ட இருவரின் குடும்பங்களையும் விளித்து முதலில் மன்னிப்புக் கேட்டார். அப்புறம்தான் தன் வீட்டார், தன் இயேசு எல்லாம். அந்த வரிசையால் நான் அவரை நம்புகிறேன். உயிரோடு விட்டிருக்க வேண்டுமா என்பதை நீங்கள் பேசுங்கள்.

ஈரோட்டுச்சட்டை:
அண்ணே, அந்தத் தோடு?

நாள்காட்டி:
மூழ்கிப்போச்சு தம்பி. ரெண்டு வருடம் முன்னால் புதுசு எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறாள். போட்டு இன்னும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.