‘ரோலி-போலி’யில் டிஸ்கோ எங்கே இருக்கிறது? நாலு கிக் போட்டும் எனக்கு வரமாட்டேன் என்கிறது

பாதிராத்திரி பீட்:

வணக்கம். ஒரு வாரமாக ஒரே பாட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். தென் கொரியாவின் டி-ஆரா பெண்கள் குழு 2011 ஜூன் கடைசியில் வெளியிட்ட ‘ரோலி-போலி’. லேப்டாப்பில் இசை கோர்க்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. பிடித்த பாட்டு ஒன்றை அடியிலிருந்து நாமே கட்டிப் பார்த்தால் கை சீக்கிரம் பழகும் என்று எங்கேயோ படித்தேன். அந்த வினைதான் இது.

மெட்டு வந்துவிட்டது. கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) சரியாக இருக்கின்றன. கிக், அதாவது காலால் மிதிக்கும் பெரிய டிரம், அடிக்கு ஒன்று, நாலு அடி கொண்ட ஒரு பாருக்கு நாலு. கைதட்டல் இரண்டாவதிலும் நாலாவதிலும். பாஸ் கிட்டாரின் கனத்த கீழ்ச்சத்தம், கிக்கோடு ஒட்டி நீளமாகப் போகிறது. டிஸ்கோ என்றால் வயலின் வேண்டுமே என்று நிஜ வயலின் கூட்டத்தின் சாம்பிளும் (பதிவு செய்த ஒலித்துண்டு), பழைய ஃபங்க் கிட்டார் சாம்பிளும் தேடிப் போட்டேன். எல்லாம் போட்டுவிட்டு ஓடவிட்டால் ராணுவ அணிவகுப்பு மாதிரி இருக்கிறது. என் தங்கை இரண்டு பார் கேட்டுவிட்டு “யாருண்ணா லெஃப்ட் ரைட் போறாங்க?” என்றாள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. டிஸ்கோ என்றால் 70களின் அமெரிக்கா என்றுதானே நினைப்போம்? இந்தப் பாட்டு வந்த மினி ஆல்பத்தின் பெயரே ‘ஜான் டிரவோல்டா வான்னபி’. ஹாலிவுட் நடிகரான அவர் வெள்ளை கோட்டு போட்டு டிஸ்கோ ஆடிய படம் 1977. ஆனால் பாட்டின் வீடியோ நடப்பது 80களில். நான் எந்தக் காலத்துச் சத்தத்தைத் துரத்துவது?

சும்மா கேட்பவன்:

நாலு கிக் போட்டால் டிஸ்கோ என்றால் டெக்னோவும் டிஸ்கோதான், ஹவுஸும் டிஸ்கோதான். உங்கள் பதிவில் ஹை-ஹேட் (டிரம் செட்டில் பெடலால் திறந்து மூடும் ஜோடித் தாளத்தட்டு) என்ற சொல்லே இல்லை. போட்டீர்களா இல்லையா?

பாதிராத்திரி பீட்:

போட்டேன். கிக் விழும் இடத்திலேயே, அடிக்கு ஒன்று. தப்பா?

நாலு கம்பி:

தப்புதான். அங்கேயேதான் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் இருபது வருடமாகப் பல மேடைகளில் பாஸ் கிட்டார் வாசிப்பவன். கே-பாப் என்ற கொரியப் பாப் இசை என் மகளிடமிருந்து தொற்றிக்கொண்டது. இந்தப் பாட்டை அவள் ஓடவிட்ட முதல் நாள், அறைக் கதவு மூடியிருந்தும் பாஸும் ஹை-ஹேட்டும் மட்டும் எனக்குக் கேட்டன. பாடுவது எந்த மொழி என்றுகூடத் தெரியவில்லை. டிஸ்கோ என்று மட்டும் தெரிந்தது. ஆகவே நீங்கள் தேடுவது மெட்டிலும் இல்லை, கார்டிலும் இல்லை.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு வாயால் சொல்லுங்கள்: தகதிமி, தகதிமி, தகதிமி, தகதிமி. ஒரு பார் முடிந்தது. ‘த’ விழும் இடமெல்லாம் கிக். இதுவரை நீங்கள் சரி. இப்போது ‘தி’யைப் பிடியுங்கள், இரண்டு கிக்குக்கும் சரிநடுவில் வருவது. திறந்த ஹை-ஹேட் அங்கேதான் ‘ட்ஸ்ஸ்’ என்று விழ வேண்டும். அடுத்த ‘த’வில் டிரம்மர் பெடலை மிதித்து அதன் வாயை மூடுவார். அந்த ‘ட்ஸ்ஸ்’ கிக் வரும் இடத்தில் கத்தரித்ததுபோல நிற்க வேண்டும், அடுத்த அடிக்குள் வழியக்கூடாது. கிக் காலைத் தரைக்கு இழுக்கும், ஹை-ஹேட் தூக்கிவிடும். நீங்கள் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டீர்கள். இழுக்க ஆள் இருக்கிறது, தூக்கிவிட ஆள் இல்லை. உங்கள் தங்கைக்கு நல்ல காது.

இந்த அடியைப் பிரபலமாக்கிய பெருமையைப் பலரும் அமெரிக்காவின் பிலடெல்பியாக்காரரான டிரம்மர் எர்ல் யங்குக்குத்தான் கொடுக்கிறார்கள். 1973இல் ஹெரால்ட் மெல்வின் அண்ட் தி ப்ளூ நோட்ஸ் குழுவுக்காக அவர் வாசித்த ‘தி லவ் ஐ லாஸ்ட்’ பாட்டைத் தேடி, பாடுபவரை மறந்துவிட்டு ஹை-ஹேட்டை மட்டும் கேளுங்கள்.

அடுத்தது பாஸ், என் பேட்டை. நீளமாகப் பிடித்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், படித்ததும் வயிறு எரிந்தது. டிஸ்கோ பாஸின் பிரபலமான உருவம் ஆக்டேவ்: ‘த’வில் கீழ் ஸ்வரம், ‘தி’யில் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே. கீழ், மேல், கீழ், மேல். மேல் ஸ்வரம் ஹை-ஹேட்டோடு சேர்ந்து விழுவதைக் கவனித்தீர்களா? அதனால்தான் துள்ளல். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் மௌனமும் வேண்டும். முதன்முதலாக இதை ஒத்திகையில் வாசித்தபோது நானும் உங்களைப் போலத்தான், ஸ்வரத்தை விட்டால் சத்தம் குறைந்துவிடுமோ என்று பயந்து இழுத்து இழுத்து வாசித்தேன். எங்கள் டிரம்மர் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். நாலாவது முறை எழுந்து வந்து, நான் ஒவ்வொரு ஸ்வரம் மீட்டியதும் கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். ஒரு பாட்டு முழுக்க! மானம் போனது, ஆனால் வந்துவிட்டது. இரவு வீட்டில் தோசை திருப்ப முடியவில்லை, மணிக்கட்டு அப்படி வலித்தது.

உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பியானோ ரோலில், அதாவது ஸ்வரங்களைக் கட்டங்களாகக் காட்டும் திரையில், ஒவ்வொரு பாஸ் கட்டத்தையும் பாதி நீளத்துக்கு வெட்டுங்கள். மேல் ஸ்வரத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள், எல்லாம் ஒரே பலத்தில் இருந்தால் தையல் மெஷின் மாதிரி கேட்கும். கைதட்டல் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வேகத்தைத் தொடாதீர்கள். டிஸ்கோ பெரும்பாலும் நிமிடத்துக்கு 110இலிருந்து 130 அடிக்குள் ஓடும். துள்ளாத பாட்டை வேகமாக்கினால் அவசரம்தான் கூடும்.

வயலின், கிட்டார் விஷயம் எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. எந்தக் காலம் என்ற கேள்விக்கும் வேறு யாராவது வருவார்கள்.

கொட்டாவி விடாத கொரியப் பிரியை:

வந்துவிட்டேன். வயலின் சாம்பிளைத் தூக்கிப் போடுங்கள். காரணம் உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே இருக்கிறது.

தென் கொரியாவில் 1945 முதல் இரவு ஊரடங்கு இருந்தது. 70களில் இரவு 12 மணிக்கு மேல் விடிகாலை 4 வரை தெருவில் நடமாடக் கூடாது. அப்போது ஆட்டம் போட நினைத்தவர்கள் கோ-கோ கிளப் என்ற நடன விடுதிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, 4 மணி வரை உள்ளேயே ஆடிவிட்டு வெளியே வந்த கதைகள் ஏராளம். 1975இல் அரசு ஏகப்பட்ட பாடல்களுக்குத் தடை போட்டது, கஞ்சா வழக்கில் இசைக்காரர்கள் பலர் உள்ளே போனார்கள். அமெரிக்காவில் டிஸ்கோ பொங்கி வழிந்த காலத்தில் கொரியாவில் நிலைமை இது. நாட்டின் பெரும்பகுதியில் ஊரடங்கை எடுத்தது 1982 ஜனவரியில். அடுத்த ஆண்டு பள்ளிச் சீருடைக் கட்டாயமும் போனது. பிள்ளைகள் கலர் கலராக உடுத்தி வெளியே வந்தார்கள். அதனால் அந்த ஊர் அம்மாக்களிடம் டிஸ்கோ என்றால் அவர்கள் நினைவு போவது பெரும்பாலும் 80களுக்குத்தான். பாட்டின் நீளமான வீடியோ, கிட்டத்தட்ட பன்னிரண்டு நிமிடம், அந்தக் காலத்தைத்தான் காட்டுகிறது.

சத்தமும் அதற்குள் மாறிவிட்டது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடித்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்து, அடுத்த ஆட்டமே நடக்கவில்லை. அமெரிக்கா இப்படிக் கைகழுவினாலும் ஐரோப்பா விடவில்லை. வயலின் கூட்டத்துக்குச் சம்பளம் கொடுப்பதற்குப் பதில் சிந்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டையும் டிரம் மெஷினையும் வைத்துக்கொண்டு தொடர்ந்து போட்டார்கள். கொரியாவில் கொடிகட்டியது அந்தச் சரக்குதான். ஆஸ்திரியாவின் ஜாய் குழு 1985இல் பாடிய ‘டச் பை டச்’ ஒன்று போதும் உதாரணத்துக்கு.

2011 மே மாதம் ‘சன்னி’ என்றொரு கொரியப் படம் வந்தது. 80களில் பள்ளித் தோழிகளாக இருந்த ஏழு பெண்களின் கதை. படத்தில் அந்த ‘டச் பை டச்’சும் உண்டு, போனி எம் பாடிய ‘சன்னி’யும் உண்டு. எழுபது லட்சத்துக்கு மேல் பார்த்தார்கள். அந்தக் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், ஜூன் 29 அன்று, அப்போது ஏழு பேராக இருந்த டி-ஆரா இந்தப் பாட்டை இறக்கியது. கொரியப் பாடல் தரவரிசையான காவோன் டிஜிட்டல் பட்டியலில் அந்த ஆண்டு முழுவதற்குமான முதலிடம் இதற்கு. அம்மாவும் மகளும் சேர்ந்து கேட்ட பாட்டு என்பது என் கணிப்பு.

எனவே ஆல்பத்தின் பெயர் 70கள், ஆடை, வீடியோ, சத்தம் எல்லாம் 80கள், தயாரிப்பு 2011. சின்சாதோங் டைகரும் சோய் கியூ-சங்கும் செய்தது. (டைகர் 2024 பிப்ரவரியில் காலமாகிவிட்டார். அவருடைய ‘போ பீப் போ பீப்’பைக் கேட்டுத்தான் நான் கே-பாப்புக்குள் விழுந்தேன்.) நிஜ வயலினுக்குப் பதிலாக, விலை குறைந்த சிந்தசைசரில் வயலின் என்று பெயர் போட்டிருக்குமே, பிளாஸ்டிக் வாடையோடு, அதைப் போடுங்கள். கிட்டாரை எடுத்துவிடுங்கள்.

பெயருக்கும் ஒரு வார்த்தை. ரோலி-போலி என்றால் தலையாட்டி பொம்மை, எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்து நிற்பது. நீ என்னைத் தள்ளிவிட்டாலும் திரும்ப உன்னிடமே வருவேன் என்பதுதான் பல்லவி. நாலு கம்பி சார் சொன்ன கிக்-ஹேட் விவகாரமும் அதேதானே, கீழே போய் மேலே வருவது?

நாலு கம்பி:

அட! இவ்வளவு நாள் ஏதோ தின்பண்டத்தின் பெயர் என்று நினைத்திருந்தேன். மகளிடம் சொல்லாதீர்கள்.

சும்மா கேட்பவன்:

ஊரடங்கு சங்கதி தெரியாது. கேலி பண்ண வந்தவன் மொத்தத்தையும் படித்துவிட்டேன்.

பாதிராத்திரி பீட்:

மூன்று நாள் கழித்து வருகிறேன். ஹை-ஹேட்டை ‘தி’க்கு நகர்த்தினேன். வேறு எதையும் தொடுவதற்கு முன்னாலேயே பாதி அணிவகுப்பு கலைந்துவிட்டது. பாஸை ஆக்டேவாக மாற்றி, பாதிக்கு வெட்டினேன். அதுவும் கொஞ்சம் மந்தமாகத்தான் இருந்தது. இன்னும் குறைத்து, மூன்றில் ஒரு பங்கு ஆக்கியதும் சட்டென்று எழுந்தது. வயலின் போய் பிளாஸ்டிக் வயலின் வந்தது. தனியாகக் கேட்டால் சிரிப்பு வருகிறது, பாட்டோடு கேட்டால் அதுதான் சரி.

தங்கையைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். “இப்ப ஓகே. ஆனா பாட வேண்டிய ஏழு பேர் எங்க?” என்று கேட்டுவிட்டுப் போனாள். கோப்பின் சுட்டியை நாலு கம்பி சாருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நாலு கம்பி:

கேட்டேன், மகளும் கேட்டாள். அவள் பாஸ் மார்க் போட்டுவிட்டாள், நான் போடவில்லை. கைதட்டல் ஒரே சாம்பிளாக ஒலிக்கிறது. நிஜத்தில் நாலு பேர் தட்டினால் நாலு கையும் ஒரே நொடியில் விழாது. அதையே மூன்று பிரதி எடுத்து, ஒன்றை மயிரிழை முன்னால், ஒன்றைப் பின்னால் தள்ளுங்கள். அப்புறம், பதினாறாவது பாரில் கடைசி கிக் இல்லை. அந்த ஓட்டைக்குப் பிறகு பல்லவி வந்து விழுவது பிரமாதம். வேண்டுமென்று விட்டீர்களா?

பாதிராத்திரி பீட்:

இல்லை சார், ஹை-ஹேட்டை நகர்த்தும்போது தவறிப்போய் அழிந்திருக்கிறது. ஆனால் இனிமேல் வேண்டுமென்றுதான் விட்டேன்.