பழைய தாலுகா கச்சேரிக்குப் பாதுகாப்பு ஏற்பாடு: எதை ஏற்பது, எதை மறுப்பது?

ஆற்காட்டான் கேட்டது:

வட ஆற்காடு மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்தில் வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். 1989-இல் அந்த மாவட்டம் இரண்டானதையும், 2019-இல் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்ததையும் பார்த்துவிட்டேன். பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும், நான் முதல் நாள் கையெழுத்துப் போட்ட தாலுகா கச்சேரிக் கட்டடம் மட்டும் அப்படியே நின்றது. இப்போது அதற்கு ஒரு சோதனை வந்திருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

கட்டடம் நூறாண்டைக் கடந்தது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட ஒன்றரை முழச் சுவர், தேக்கு உத்திரங்களின் மேல் மெட்ராஸ் டெரஸ் என்னும் செங்கல்-சுண்ணாம்புத் தட்டைக் கூரை, முன்புறம் 7 வளைவுகளுடன் நீண்ட வராந்தா, தரைக்குக் கடப்பைக் கல். அந்தக் காலத்துக் கச்சேரிகளின் வழக்கப்படி ஒரு கோடியில் சார்நிலைக் கருவூலமும், வளாகத்தின் பின்புறத்தில் சப்-ஜெயிலும் இருந்தன. கருவூல அறைக்கு இரட்டைப் பூட்டு. இரு சாவிகளும் இரு அலுவலர்களிடம் இருக்கும். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. வட்டாட்சியர் அலுவலகம் புதிய கட்டடத்துக்குப் போன பிறகு, பழைய கட்டடத்தில் ஆவண அறையும் இரண்டு சிறிய அலுவலகங்களும் மட்டுமே இயங்குகின்றன.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு, ஆவண அறையின் பின்புற ஜன்னல் வழியாக யாரோ நுழைந்து பழைய நிலப் பதிவேட்டுக் கட்டுகளைக் கலைத்துப் போட்டிருந்தார்கள். அதன் விளைவாக ஒரு பாதுகாப்புத் திட்டம் தயாராகியிருக்கிறது. வராந்தாவின் 7 வளைவுகளுக்கும் இரும்பு ஷட்டர், தேக்குக் கதவுகளை எடுத்துவிட்டு எஃகுக் கதவுகள், சுவரை வெட்டிக் குழாய் பதித்து 24 கேமராக்கள், முகப்பை ஒட்டிக் கான்கிரீட்டில் காவல் அறை, காரை பெயர்ந்த இடங்களுக்கெல்லாம் சிமெண்டுப் பூச்சு ஆகியவை அதில் உள்ளன. கருத்துக் கேட்கும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு வாரங்களுக்குள் எழுத்து மூலமாகக் கருத்தைத் தரவேண்டும்.

இந்தக் கட்டடம் தொல்லியல் துறையின் பட்டியலில் இல்லை. வேலூர்க் கோட்டையைப் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால், சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை, அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டிய பகுதி என்று சட்டமே நமக்காகப் பேசியிருக்கும். இங்கே என் கடிதம் ஒன்றுதான் பேசவேண்டும். உள்ளே இருக்கும் பதிவேடுகள் காணாமல் போனால் எத்தனையோ குடும்பங்களின் நிலவுரிமை வழக்காகிவிடும் என்பதை அறிந்தவன் என்பதால், பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எதை ஏற்க வேண்டும், எதை எப்படி மறுக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கல்லும் சுண்ணாம்பும் எழுதிய பதில்:

ஐயா, பழைய பொதுக் கட்டடங்களின் பராமரிப்புப் பொறியாளராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஆள் நுழைந்தது பின்புற ஜன்னல் வழியாக. பணம் செலவாகப்போவது முன்புற வராந்தாவில். இது ஏன்? ஜன்னலின் கொக்கி உடைக்கப்பட்டதா, திறந்தே கிடந்ததா, கம்பி வளைக்கப்பட்டதா என்று யாராவது பார்த்து எழுதி வைத்தார்களா? அதைத் தெரிந்துகொள்ளாமல் போடும் எந்தத் திட்டமும் கட்டடத்தைக் காயப்படுத்துமே தவிரக் காப்பாற்றாது.

வேலூர்க் கோட்டையைவிட வலுவான அரண் நம் பக்கத்தில் எது? அகழியும் கருங்கல் மதிலும் கொண்ட அந்தக் கோட்டை 1806 ஜூலை 10 அன்று விடிவதற்குள் கைமாறியபோது, வெளியிலிருந்து யாரும் மதிலேறி வரவில்லை. உள்ளே இருந்த சிப்பாய்களே எழுந்தார்கள். அன்று காலையில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்தபோது, பீரங்கியால் வாயிற்கதவைத் தகர்த்த பின்னரே அந்தப் படையால் உள்ளே புக முடிந்தது. அந்த எழுச்சியின் பெருமை தனியாகப் பேசவேண்டியது. காவல் என்ற கோணத்தில் மட்டும் இங்கே சொல்கிறேன். சுவரின் கனத்தைவிட, உள்ளே யார் இருக்கிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்பதே முதலில் கேட்கவேண்டியது. உங்கள் கருவூலத்தின் இரட்டைப் பூட்டை அமைத்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. அந்த ஏற்பாட்டை அப்படியே ஆவண அறைக்கும் கொண்டுவாருங்கள். யார் எப்போது திறந்தார் என்று ஒரு பதிவேடும் வையுங்கள். இதற்காகச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டியதில்லை.

ஷட்டரை உறுதியாக மறுக்கலாம். அதன் உருளையும் தகடும் சேர்ந்த எடை வளைவின் மேல் தொங்கும். நாளுக்கு இருமுறை இழுத்து அடிக்கும் அதிர்வும் அங்கேயே இறங்கும். சுண்ணாம்புக் கட்டுமானம் தன்மேல் அமரும் பாரத்தை நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும். இழுவிசையையும் ஓயாத அதிர்வையும் தாங்காது. அதைப் பிடித்து நிறுத்த அடிக்கும் போல்ட்டுகள் பழைய செங்கல்லைப் பிளக்கும். மேலும், சாதாரண இரும்பு துருவேறும்போது சில மடங்கு பருத்து, சுற்றியிருக்கும் காரையைத் தள்ளி வெடிக்க வைக்கும். எங்கேயாவது துளை போட்டே தீரவேண்டும் என்றால், செங்கல்லின் முகத்தில் போடாமல் இரு செங்கற்களுக்கு நடுவிலுள்ள காரை இணைப்பில் போட்டு, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். நாளைக்கு அதைக் கழற்றினால் அந்த இடத்தைச் சுண்ணாம்பால் அடைத்துவிடலாம்; பிளந்த செங்கல்லை ஒட்டவைக்க முடியாது.

கேமராக்களை மறுக்க வேண்டாம், எண்ணிக்கையைக் கேள்வி கேளுங்கள். வளாகத்துக்குள் வரும் வழிகளையும் கட்டடத்தின் நான்கு மூலைகளையும் பார்க்கும்படி, சுவரைத் தொடாமல் தனிக் கம்பங்களில் நிறுத்தினால் 8 அல்லது 9 போதும் என்பது என் கணிப்பு. மின்சாரமும் படமும் ஒரே கேபிளில் போகும் வகைக் கேமராக்கள் இன்று சாதாரணமாகக் கிடைக்கின்றன; அவற்றுக்கு மின்னழுத்தம் குறைவு, தனி மின்கம்பி தேவையில்லை. ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டருக்குள் இருக்கவேண்டும். ஒரு கச்சேரி வளாகத்துக்கு அது தாராளம். உள்ளே கேபிளை உத்திரத்தின் பக்கவாட்டில் மரப்பட்டிக்குள் ஓட்டலாம். சுவரை வெட்டிப் புதைப்பதை மட்டும் எந்தச் சமாதானத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தேக்குக் கதவு இருக்கட்டும். அதன் உட்புறத்தில், தன் சொந்தச் சட்டத்தில் தரையில் நிற்கும் எஃகுக் கம்பிக் கதவு ஒன்றை வையுங்கள். வெளியே பழைய கதவு, உள்ளே புதிய காவல்; வேண்டாதபோது எடுத்துவிடலாம். காவல் அறையை முகப்பிலிருந்து விலக்கி வளாக வாயிலுக்கு அருகில் கொண்டுபோகச் சொல்லுங்கள். காவலருக்கும் அதுதான் வசதி, ஏனென்றால் வருகிறவரை வாயிலிலேயே பார்த்துவிட முடியும்.

வேலப்பாடி வாசகி எழுதிய பதில்:

மேலே எழுதிய ஐயா சொன்னவற்றில் பலவற்றை ஏற்கிறேன். ஆனாலும் இப்படிப்பட்ட ஒரு பழைய அலுவலகத்தில் இன்றும் வேலை பார்க்கும் பெண் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டடத்தின் மேல் அன்பு கொண்டவர்கள் அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடுகிறீர்கள். தேர்தல் காலத்திலும் கணக்கு முடிக்கும் மாதத்திலும் இரவு எட்டு மணிவரை அந்த இருட்டு வராந்தாவைக் கடந்து போவது நாங்கள். மனு தாமதமானதற்காக ஒருவர் கத்திக்கொண்டு மேசைவரை வந்த நாளில், உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ள ஓர் அறைகூட எங்களுக்கு இல்லை. ஆகவே பாதுகாப்பு என்பதைப் பதிவேட்டுக் கட்டுகளோடு நிறுத்திவிடாதீர்கள். நல்ல விளக்கு, உள்ளிருந்து பூட்டக்கூடிய ஓர் அறை, காவலரை அழைக்க மேசைக்கடியில் ஒரு பொத்தான் ஆகிய மூன்றையும் உங்கள் கடிதத்தில் கட்டாயம் கேளுங்கள். இவற்றால் எந்தச் சுவரும் கெடாது.

ஷட்டரை நானும் எதிர்க்கிறேன், ஆனால் வளைவுகளுக்காக மட்டுமல்ல. மே மாதத்தில் நம் பக்கத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, காட்பாடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பட்டா மாறுதலுக்கு வரும் கிழவிகள் உட்காருவது அந்த வராந்தாவில். மனு எழுதிக் கொடுப்பவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். அதை இரும்பால் அடைத்துவிட்டால் வளைவுகள் கெடாமல் இருந்தாலும் அது கச்சேரியாக இருக்காது. 1892-இல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 2015 நவம்பர் முதல் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை காவல் புரிகிறது. சோதனை நடப்பது வளாக வாயில்களில். அத்தனை பெரிய இடத்துக்கே அது பொருந்தும்போது ஒரு தாலுகா கச்சேரிக்குப் பொருந்தாதா?

நீர்த்தாரை எழுதிய பதில்:

தீயணைப்புத் துறையில் இருந்தவன். எல்லோரும் திருடனைப் பற்றியே பேசுகிறீர்கள். காகிதமும் தேக்கும் நிறைந்த கட்டடத்தில் நான் அஞ்சுவது வேறொன்றுக்கு.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768-இல் சென்னையில் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலில் 2012 ஜனவரியில் தீப்பிடித்தது. அரசு அலுவலகங்களும் கோப்புகளும் அங்கே இருந்தன. தீயை அணைக்கப் போன எங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர் அங்கே உயிரிழந்தார். உத்திரங்களும் கூரையும் சரிந்தன. பிறகு அந்தக் கட்டடத்தைச் சுண்ணாம்புக் காரை கொண்டே மீட்டுக் கட்டினார்கள். இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. கட்டடம் மீண்டது, போன உயிர் திரும்பவில்லை. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

ஆகவே ஐயா, கேமரா, புதிய விளக்கு, கணினி எதைச் சேர்ப்பதற்கு முன்பும் பழைய மின்கம்பிகளைச் சோதித்து, தேவையானால் முழுவதும் மாற்றும்படி கேளுங்கள். பழைய கம்பியில் புதிய பளுவை ஏற்றுவது, திருடனைத் தடுக்கப்போய்த் தீயை வரவழைப்பதாகிவிடும். ஆவண அறையில் தண்ணீர் தீயளவுக்கே காகிதத்தைக் கெடுக்கும் என்பதால், கரியமில வாயு அணைப்பான்களும் புகை உணர்விகளும் வையுங்கள். இரவில் கட்டடத்தைப் பூட்டிப் போகும்போது ஆவண அறையின் மின்சாரத்தை வெளியிலிருந்தே நிறுத்த ஒரு தனி விசை இருக்கட்டும்.

இன்னொன்று. உள்ளே ஆட்கள் இருக்கும்வரை எந்தக் கம்பிக் கதவும் வெளிப்புறத்தில் பூட்டப்படக் கூடாது. மின்காந்தப் பூட்டு வைத்தால், மின்சாரம் நின்றவுடன் தானாகத் திறந்துகொள்ளும் வகையாக இருக்கவேண்டும். பின்புறக் கதவைப் பீரோ வைத்து மறைத்திருந்தால் அந்தப் பீரோவை இன்றே நகர்த்தச் சொல்லுங்கள். எத்தனை அலுவலகங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்!

ஆற்காட்டான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வேலப்பாடி அம்மா சொன்னது உறுத்தியது. நான் அங்கே வேலை பார்த்த காலத்தில் பெண் ஊழியர்கள் விளக்கு கேட்டதை நானே கோப்பில் கட்டி வைத்திருக்கிறேன். அந்த மூன்று வேண்டுகோள்களும் என் கடிதத்தில் அவர் சொன்னபடியே இடம்பெறும்.

முதல் பதிலில் கேட்ட கேள்விக்கு விடை தேடி நேற்று நேரில் போய், பின்புற ஜன்னலைப் பார்த்தேன். மற்ற ஜன்னல்களில் எல்லாம் ஒரு விரல் கனத்துக்குப் பழைய இரும்புக் கம்பிகள் கல் நிலைக்குள் அசையாமல் நிற்கின்றன. இந்த ஒன்றில் மட்டும் நடுவில் மூன்று கம்பிகள் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஜன்னலில் குளிர்சாதனப் பெட்டி வைப்பதற்காக அவற்றை அறுத்திருக்கிறார்கள். பெட்டி பழுதாகி எடுத்த பிறகு அந்த இடைவெளியைப் பிளைவுட் பலகையால் மூடியிருக்கிறார்கள். அந்த ஆள் அந்தப் பலகையைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறான். கட்டியவர்கள் விட்டுச்சென்ற காவல் மற்ற 11 ஜன்னல்களிலும் இன்றுவரை வேலை செய்கிறது. இதைப் படங்களோடு கடிதத்தின் முதல் பக்கத்தில் வைக்கிறேன். அந்த மூன்று கம்பிகளைப் பழைய முறையிலேயே மீண்டும் வைக்க யாரைக் கேட்பது, எப்படிச் செய்வது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொத்தனார் வீட்டுப் பிள்ளை எழுதிய பதில்:

ஐயா, எங்கள் தாத்தாவும் அப்பாவும் ஆற்காடு, வாலாஜா பக்கத்தில் சுண்ணாம்பு வேலை செய்தவர்கள். நீங்கள் பார்த்த கம்பிகளைக் கல்லில் குழி எடுத்து நிறுத்தி, ஈயத்தை உருக்கி ஊற்றியிருப்பார்கள். அறுத்த கம்பியின் அடிக்கட்டை இன்னும் குழிக்குள் இருந்தால், கல்லை உளியால் உடைக்காமல், ஈயத்தை மட்டும் சிறு துளையிட்டு இளக்கி அதை எடுக்கச் சொல்லுங்கள். புதிய கம்பி அதே கனத்தில் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். ஈயப் புகை நஞ்சு என்பதால், ஊற்றும்போது அறையில் யாரும் இருக்கக் கூடாது, ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும்.

சிமெண்டுப் பூச்சுக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்பின் வழியாக வெளியே போய்விடும். சிமெண்டு அதை உள்ளே அடைத்துவிடும், பிறகு உப்புப் பூத்துச் செங்கல்லே பொடியாகும். நீற்றிய சுண்ணாம்பும் ஆற்று மணலும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்துப் புளித்த நீரை விட்டு அரைத்த காரைதான் அந்தச் சுவருக்கு ஒத்துப்போகும். வேலையைப் பங்குனி வெயிலில் தொடங்க வேண்டாம். பூச்சு விரைவில் காய்ந்து வெடித்துவிடும். ஐப்பசி மழை நின்று கார்த்திகை முடிந்த பிறகு தொடங்கி, ஈரச் சாக்கு போர்த்தி நாள்தோறும் நீர் தெளித்து வந்தால் நன்றாகப் பிடிக்கும். சுண்ணாம்பை அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே நீற்றித் தொட்டியில் ஊறவைக்க வேண்டும் என்பதால், அதற்கான தொகையைத் தனி இனமாக மதிப்பீட்டிலேயே காட்டச் சொல்லுங்கள்.