விலுக்அப்பில் சரியாக வந்த கணக்கு, ஜாயின் போட்டதும் கூடிவிட்டது. ஏன்?

கேள்வி:
வணக்கம். மாமாவின் எலக்ட்ரிகல் கடைக் கணக்கை எக்செலிலிருந்து எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸுக்கு மாற்றுகிறேன். விற்பனை ஷீட்டில் தேதி, பொருள் கோடு, எண்ணிக்கை மட்டும்தான். விலையை இன்னொரு ஷீட்டிலிருந்து விலுக்அப் ஃபார்முலா எடுத்துவரும் (அச்சாகப் பொருந்துகிற கோடை மட்டும் எடுக்கக் கடைசியில் ஃபால்ஸ் போட்டிருக்கிறேன்). இப்போது இரண்டையும் டேபிளாக்கி, கோடு வைத்து லெஃப்ட் ஜாயின் செய்தேன் (விற்பனை வரி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு விலையைச் சேர்ப்பது). விற்பனையில் 4,212 வரிகள், விடையில் 4,260. மொத்தத் தொகையும் ஏறிவிட்டது. ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் டிஸ்டிங்க்ட் போட்டும் சரியாகவில்லை. இரண்டு நாளாகப் பிடிபடவில்லை.

பதில் 1:
விலைப் பட்டியலில் ஏதோ ஒரு கோடு இரண்டு முறை இருக்கிறது. விலுக்அப் மேலிருந்து தேடி, முதலில் பொருந்தியதோடு நின்றுவிடும். ஜாயின் நிற்காது, பொருந்துகிற எல்லா வரியையும் கொண்டுவரும். ஒரு விற்பனை இரண்டு வரியாக ஆவது அப்படித்தான். இதை ஓட்டிப் பாருங்கள், ஒன்றுக்கு மேல் வருகிற கோடுகளைக் காட்டும்:

செலக்ட் கோடு, கவுன்ட்(*) ஃப்ரம் விலை குரூப் பை கோடு ஹேவிங் கவுன்ட்(*) > 1

கேட்டவர்:
கிடைத்துவிட்டது! 114, 207 இரண்டும் இரட்டை. 114 என்பது 6 ஆம்பியர் சுவிட்ச்: மேலே 38 ரூபாய், கீழே 42. விலை ஏறியபோது மாமா பழைய வரியை அழிக்காமல் அடியில் புதிதாக எழுதியிருக்கிறார். அந்தக் கோடில் 31 விற்பனை, 207-இல் 17. கூட்டினால் சரியாக 48. கீழ் வரியை அழித்துவிடட்டுமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். அழித்தால் எக்செல் தொகையோடு ஒத்துப்போகும், ஆனால் எக்செல் தொகையே தப்பு. விலை ஏறிய பிறகு விற்ற சுவிட்சையும் அது 38 என்றே போட்டுவந்திருக்கிறது. மேல் வரியை அழித்தாலோ பழைய விற்பனையெல்லாம் 42 ஆகிவிடும். விற்ற அன்றைய விலை விற்பனை வரியிலேயே இருக்க வேண்டும். விலை டேபிள் இனிமேல் போடுகிற பில்லுக்கு மட்டும்.

பதில் 2:
அண்ணன் சொல்வது சரி. டிஸ்டிங்க்ட் உதவாததற்குக் காரணமும் அதுதான், இரண்டு வரியிலும் விலை வேறு. லெஃப்ட் ஜாயின் போட்டது நல்லதாயிற்று; வெறும் ஜாயின் என்றால் பட்டியலில் இல்லாத கோடு சத்தமில்லாமல் விழுந்துவிடும். விலுக்அப்பாவது கிடைக்கவில்லை என்று #என்/ஏ காட்டும். சுத்தம் செய்ததும் விலை டேபிளில் கோடை பிரைமரி கீ (ஒரே மதிப்பு இருமுறை வர விடாத அடையாளம்) ஆக்குங்கள், இரண்டாவது 114 உள்ளேயே வராது.

கேட்டவர்:
பில் புத்தகத்தைப் பார்த்து அந்த 48 வரிக்கும் அன்றைய விலையைக் கையால் ஏற்றினேன். மற்ற வரிகளுக்குப் பட்டியல் விலையே. வரிகள் 4,212, தொகையும் பில்லோடு ஒத்துப்போகிறது. இருவருக்கும் மிக்க நன்றி அண்ணா.