முகாம்ல இருக்க அக்காவுக்கு அவசர ஆபரேஷன், காப்பீட்டு அட்டைல பேர் இல்ல

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வழி தெரியாம கேக்கேன். திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டான் இலங்கைத் தமிழர் முகாம்ல இருக்க அக்கா, வயசு 34, நம்ம வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க வார அண்ணனோட சம்சாரம். இதயத்துல மைட்ரல்ங்கிற வால்வு சுருங்கிட்டு, சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல் பண்ணுன வேலையாம், எக்கோ (இதய ஸ்கேன்) பாத்துட்டு பத்து நாளைக்குள்ள வால்வு மாத்தணும்னுட்டாரு டாக்டர். ரெண்டு மாசமா மூச்சு எளைப்பு, கால் வீக்கம், இப்ப படுக்கவே முடியல, சுவத்துல சாஞ்சு உக்காந்தே விடியுது.

முதலமைச்சர் காப்பீட்டுல முகாம்காரங்களுக்கு வருமான வரம்பு கெடையாது, அது தெரியும். ஆனா இவங்க வேற மாவட்ட முகாம்ல இருந்து கல்யாணமாகி வந்தவங்க, பதிவு இன்னும் அங்கயே கெடக்கு, புருஷன் அட்டைல பேரு ஏறல.

அட்டை போடுத கவுண்டருக்கு மூணு தடவ போயாச்சு, முகாம் மாறுன உத்தரவு கொண்டாங்கன்னே சொல்லுதாங்க. திங்கக்கெழம குறைதீர் கூட்டத்துலயும் மனு குடுத்தாச்சு. தனியார்ல மூணரை லட்சம் கேக்காங்க, முகாம்ல வீடு வீடா வசூல் பண்ணதே 42,000 தான் (அவங்களே அன்னாடங்காய்ச்சி, பாவம்).

முகாம் மாற்றம் முடியுறதுக்கு முன்னாலயே காப்பீட்டுல பேர் சேத்து ஆபரேஷன் பண்ணவங்க யாராவது இருக்கீங்களா, எந்த அதிகாரியப் பாத்தீங்க?