புதுப்பிப்பு: கண்ணாடி மவுஸ்பேட் வாங்கியாச்சு

வலோரன்ட் என்ற துப்பாக்கிச் சுடும் கேம் ஆட ரேசர் அட்லஸ் என்ற கண்ணாடி பேட் வாங்கலாமா, துணி பேடே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். அட்லஸையே எடுத்தேன். 450க்கு 400 மி.மீ., டெம்பர்ட் (உறுதியாக்கிய) கண்ணாடி. வழுக்கல் அபாரம், ஓடும் எதிரியை விடாமல் குறிவைக்க இதைவிட வேறெதுவும் வேண்டாம். சட்டென்று நிறுத்தத்தான் கை பழக வேண்டும். மவுஸ் சென்சிட்டிவிட்டியை, அதாவது கை அசைவுக்குக் குறி நகரும் வேகத்தை, கொஞ்சம் குறைத்ததும் சரியாகிவிட்டது.

புழுக்கமான நாளில் துணி பேட் இழுக்கும், இது இழுப்பதில்லை. ஆனால் வியர்த்த கை ஒட்டும், கையில் ஸ்லீவ் (துணி உறை) போட்டே ஆடுகிறேன். ஒரு துகள் தூசி போதும், மவுஸுக்கு அடியில் கரகரவென்கிறது. ஆடும் முன் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள்.

அப்புறம், மவுஸின் அடியில் உள்ள டெஃப்லான் பாதங்கள் கண்ணாடியில் சீக்கிரம் தேயும். கூடவே ஒரு செட் ஸ்கேட்ஸ் (மாற்றுப் பாதங்கள்) வாங்குங்கள். பழைய மவுஸ் என்றால், அதன் சென்சார் கண்ணாடியில் ஓடுமா என்று முதலில் பாருங்கள்.